டிரான்ஸ்கிரிப்டில் சில பி, ஒரு சி: முதல் சுற்றில் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது?

அமெரிக்காவில் பிள்ளை 12-ஆம் வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் தமிழ்க் குடும்பங்களில் செப்டம்பர் முழுவதும் இதே பேச்சுதான். எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கிய பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ல ஊரே இருக்கிறது. மதிப்பெண் அங்கங்கே சறுக்கிய பிள்ளைகளின் பெற்றோர்தான் வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாசலில் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

எர்லி டெசிஷன், எர்லி ஆக்‌ஷன் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இரண்டும் சாதாரணச் சுற்றுக்கு முன்பே விண்ணப்பிக்கும் முதல் சுற்று வழிகள்தான், ஆனால் எர்லி டெசிஷன் ஒப்பந்தம். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் அப்படி விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் அங்கேயே சேர வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் மூவரும் கையெழுத்திடுகிறார்கள். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. முடிவு டிசம்பர் நடுவில் வரும். பல கல்லூரிகளில் எர்லி டெசிஷன் 2 என்று இன்னொரு சுற்றும் உண்டு: ஜனவரி முதல் வாரத்தில் விண்ணப்பம், பிப்ரவரி நடுவில் முடிவு.

எர்லி ஆக்‌ஷனில் கட்டுப்பாடு கிடையாது. முன்கூட்டியே விண்ணப்பித்து முன்கூட்டியே பதில் பெறுகிறீர்கள், சேர்வதா வேண்டாமா என்று மே 1 வரை யோசிக்கலாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு ஆகியவற்றில் இதிலேயே ஒரு கெடுபிடி உண்டு. அங்கே முதல் சுற்றில் விண்ணப்பித்தால் வேறு தனியார் கல்லூரிகளின் முதல் சுற்றில் விண்ணப்பிக்கக் கூடாது, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம்.

எர்லி டெசிஷனில் போட்டால் வாய்ப்பு மூன்று மடங்கு என்கிறார்களே?

எண்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2025-இல் சேர்ந்த வகுப்புக்கு எர்லி டெசிஷனில் விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழ 18% பேருக்கு இடம் கிடைத்தது. எல்லாச் சுற்றுகளையும் சேர்த்துப் பார்த்தால் 6 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அந்த 18 சதவீதத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கல்லூரி அணிகளுக்காகப் பயிற்சியாளர்கள் முன்பே தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், ஏற்கெனவே மிக வலுவான மதிப்பெண்ணோடு வருபவர்கள் எனப் பலரும் இந்தச் சுற்றில்தான் வருகிறார்கள். இவர்கள் யாரிலும் சேராத, 3.6 ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) உள்ள உங்கள் மகனுக்கு அந்த 18% பொருந்தாது.

அப்படியானால் சலுகையே இல்லையா? உண்டு. அது எங்கே அதிகம் என்று புரிந்துகொள்ள வேண்டும். இடம் கொடுத்த மாணவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்வார்கள் என்பதுதான் ஒவ்வொரு கல்லூரியின் கவலை. ஹார்வர்டுக்கும் பிரின்ஸ்டனுக்கும் அந்தக் கவலை குறைவு. 2006-இல் இரண்டுமே முதல் சுற்றைக் கைவிட்டு, 2011-இல்தான் திரும்பக் கொண்டுவந்தன. அவற்றுக்கு அடுத்த படிகளில் இருக்கும் தனியார் கல்லூரிகளுக்குக் கவலை அதிகம். அவற்றில் பல, முதலாண்டு இடங்களில் பாதியையும் அதற்கு மேலும் எர்லி டெசிஷனிலேயே நிரப்பிவிடுகின்றன. “நிச்சயம் வருவேன்” என்ற வாக்குறுதிக்கு அங்கேதான் மதிப்பு.

ஜிபிஏ எவ்வளவு இருந்தால் “குறைவு” என்று கொள்வது?

எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரே 3.6, நான்கு விதமான டிரான்ஸ்கிரிப்டிலிருந்து (பள்ளி மதிப்பெண் பட்டியலிலிருந்து) வரலாம். படிப்பவர் கண்ணில் நான்கும் வேறு வேறு.

முதல் வகை, 9-ஆம் வகுப்பில் தடுமாறி, 10-இல் சமாளித்து, 11-இல் கடினமான ஏபி (கல்லூரித் தரத்திலான) பாடங்களில் ஏ வாங்கிய பிள்ளை. இது நல்ல டிரான்ஸ்கிரிப்ட். பெற்றோர் இதற்காகத் தூக்கம் கெடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, எல்லாம் ஏ, ஒரே ஒரு பாடத்தில் சி. அந்தப் பாடம் எது என்பதுதான் இங்கே முக்கியம். வரலாறு படிக்கப் போகும் பெண்ணுக்கு இயற்பியலில் சி பெரிய தடையாக இராது. பொறியியலுக்கு விண்ணப்பிக்கும் பையனுக்குக் கால்குலஸில் சி இருந்தால் கட்டாயம் பேச வேண்டிய விஷயம்.

மூன்றாவது, நான்கு ஆண்டும் சீராக பி பிளஸ், ஏ மைனஸ். பார்ப்பதற்குக் குறையே இல்லாதது போல் இருக்கும். ஆனால் 10 பேருக்கு ஒருவரைக் கூட எடுக்காத கல்லூரிகளில் அதிகம் அடிபடுவது இந்த வகைதான், ஏனென்றால் ஏறுமுகம் என்று காட்ட எதுவும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் பட்டியலைச் சரியாக அமைப்பதுதான் எல்லாம்.

நான்காவது, 11-ஆம் வகுப்பில் சரிந்தது. இதுதான் கடினமானது. நவம்பரில் விண்ணப்பத்தைப் படிப்பவருக்குக் கடைசியாகத் தெரியும் முழு ஆண்டு அதுவே.

உங்கள் பிள்ளை எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் கல்லூரிப் பெயர்கள். எந்தப் பள்ளியில் எத்தனை ஏபி பாடங்கள் உண்டு, மதிப்பெண் எப்படிப் பரவியிருக்கிறது என்ற விவரத்தைப் பள்ளியே கல்லூரிக்கு அனுப்புகிறது. ஆகவே வேறு ஊர்ப் பள்ளியில் படிக்கும் அக்கா மகனுடைய 4.6 வெயிட்டட் ஜிபிஏவோடு (கடினமான பாடங்களுக்குக் கூடுதல் மதிப்பு சேர்த்த சராசரி) ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

9-ஆம் வகுப்பு மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்காத இடம் உண்டா?

கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள். 9-ஆம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து 11-ஆம் வகுப்பு முடிந்த கோடை வரையிலான பாடங்களை வைத்துத்தான் அவை ஜிபிஏ போடுகின்றன. 9-ஆம் வகுப்பு மதிப்பெண்களையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும், ஆனால் அந்தச் சராசரியில் சேராது. எஸ்ஏடி நுழைவுத் தேர்வையும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. அங்கே முதல் சுற்று என்று எதுவும் கிடையாது, ஆகவே முதல் வகைப் பிள்ளைகள் எர்லி டெசிஷன் எங்கே போட்டாலும் இதையும் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். வெளிமாநிலத்தவருக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ 3.4, கல்விக் கட்டணமும் மிக அதிகம்.

எர்லி டெசிஷனுக்கு நவம்பர் சுற்றா, ஜனவரிச் சுற்றா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலோர் கேட்பதே இல்லை. “சீக்கிரம் போட்டால் நல்லது” என்று நவம்பருக்கு ஓடுகிறார்கள்.

நவம்பரில் கல்லூரி பார்ப்பது 11-ஆம் வகுப்பு வரையிலான டிரான்ஸ்கிரிப்ட். சில கல்லூரிகள் 12-ஆம் வகுப்பின் முதல் காலாண்டு மதிப்பெண்ணையும் கேட்கும். ஜனவரிச் சுற்றில் முதல் அரையாண்டு மதிப்பெண் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. மேலே சொன்ன நான்காவது வகைப் பிள்ளைக்கு அந்த அரையாண்டுதான் மருந்து. 11-இல் இரண்டு சி வாங்கியவன், 12-இல் ஏபி கால்குலஸ், ஏபி இயற்பியல் எல்லாவற்றிலும் ஏ என்று காட்டினால், படிப்பவர் கண்ணில் அவன் வேறு மாணவன். அதைக் காட்டாமல் நவம்பரிலேயே ஒப்பந்தத்தைப் பயன்படுத்திவிட்டால், சரிவோடு சேர்த்தே அவனை எடைபோடுவார்கள். நான்காவது வகைக்கு என் கருத்து உறுதியானது: நவம்பரில் எர்லி டெசிஷன் வேண்டாம், ஜனவரிக்கு வைத்திருங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் பள்ளியில் அரையாண்டு எப்போது முடிகிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். கிறிஸ்துமஸுக்கு முன் முடிந்தால் கவலையில்லை. ஜனவரி கடைசியில்தான் முடியும் என்றால், பிப்ரவரி முதல் வாரத்துக்குள் மதிப்பெண்ணை அனுப்பிவிட முடியுமா என்று இப்போதே பேசி வைக்க வேண்டும்.

இன்னொன்று, எல்லாக் கல்லூரிகளிலும் ஜனவரிச் சுற்று கிடையாது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், பிரவுன் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் எட்டிலும் இல்லை. சிகாகோ, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், வாண்டர்பில்ட், எமரி, டஃப்ட்ஸ், நியூயார்க் பல்கலைக்கழகம், பாஸ்டன் பல்கலைக்கழகம், கேஸ் வெஸ்டர்ன், ராச்செஸ்டர், பிராண்டைஸ் ஆகியவற்றில் இருந்துவருகிறது. லிபரல் ஆர்ட்ஸ் எனப்படும், அறிவியலும் கற்பிக்கும் சிறிய கலைக் கல்லூரிகளில் ஸ்வார்த்மோர், பொமோனா, மிடில்பரி, ஹாமில்டன் என்று இன்னும் நிறைய உண்டு. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை, கல்லூரியின் சொந்தத் தளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, எந்தக் கல்லூரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு தாள்கள் போதும். இரண்டும் இலவசம்.

முதலாவது, காமன் டேட்டா செட். கல்லூரி தன்னைப் பற்றித் தானே வெளியிடும் புள்ளிவிவரத் தாள் இது. கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் பெரும்பாலான கல்லூரிகளுக்குக் கிடைக்கும். அதில் சி பகுதி சேர்க்கை பற்றியது. சி7 என்ற அட்டவணை, பாடங்களின் கடினம், ஜிபிஏ, தேர்வு மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், கல்லூரியின் மேல் மாணவர் காட்டிய ஆர்வம் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்பு என்பதைக் கல்லூரியே குறித்து வைத்தது. “மிக முக்கியம்” என்ற கட்டத்தில் ஜிபிஏவோடு கட்டுரையும் பரிந்துரையும் இருக்கும் கல்லூரி உங்கள் பிள்ளைக்கு ஏற்றது. சி21-இல் எர்லி டெசிஷனில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று இருக்கும். 4,000 பேர் விண்ணப்பித்து 1,000 பேருக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டு வகுப்பே 1,700 பேர்தான் என்றால், பாதிக்கு மேற்பட்ட இடங்கள் டிசம்பர், பிப்ரவரிக்குள் தீர்ந்துவிடுகின்றன. அந்தக் கல்லூரிக்கு சாதாரணச் சுற்றின் மார்ச் முடிவை நம்பிக் காத்திருப்பது வீண்.

இரண்டாவது, உங்கள் பள்ளியின் சொந்த வரலாறு. நேவியன்ஸ் அல்லது ஸ்கோயர் என்ற தளத்தில், முந்தைய ஆண்டுகளில் அதே பள்ளியிலிருந்து விண்ணப்பித்தவர்களின் ஜிபிஏவும் முடிவும் புள்ளிகளாக இருக்கும்: இடம் கிடைத்தவர் பச்சை, கிடைக்காதவர் சிவப்பு. உங்கள் பிள்ளையின் புள்ளியைச் சுற்றிப் பச்சை, சிவப்பு இரண்டும் கலந்திருக்கும் கல்லூரிதான் எர்லி டெசிஷனுக்குரிய இடம். சுற்றிலும் சிவப்பு என்றால் அங்கே ஒப்பந்தத்தைச் செலவிடாதீர்கள். சுற்றிலும் பச்சை என்றால் எர்லி டெசிஷனே தேவையில்லை, சாதாரணச் சுற்றிலேயே கிடைத்துவிடும்.

“கனவுக் கல்லூரிக்கு ஒரு தடவை முயன்றுதான் பார்ப்போமே” என்று மகள் அழுகிறாள்.

அவள் ஆசையில் தவறில்லை. நவம்பர் சுற்றில் வீணாவது அந்த ஒரு முயற்சி மட்டும் அல்ல என்பதை அவளிடம் பேசுங்கள். அவளை உண்மையில் எடுத்துக்கொள்ள விரும்பும் இன்னொரு கல்லூரி, அதே வாக்குறுதிக்காகக் காத்திருந்தது. கனவுக் கல்லூரிக்கு சாதாரணச் சுற்றில் விண்ணப்பிக்கத் தடையே இல்லை. அவள் புள்ளி சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் இருந்தால் முயலட்டும், நானும் சரி என்பேன். பக்கத்தில் ஒரு பச்சை கூட இல்லை என்றால் பெற்றோர் இடத்தில் இருந்து வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும். முடிவு அவளுடையதாக இருக்கட்டும், ஆனால் அந்த வரைபடத்தை அவளே பார்த்த பிறகு.

எஸ்ஏடியில் 1600-க்கு 1540. மதிப்பெண் குறையை இது சரிக்கட்டுமா?

ஓரளவுக்குத்தான். பிள்ளைக்குத் திறமை இல்லை என்ற ஐயத்தைத் தேர்வு போக்கும், நான்கு ஆண்டு உழைப்புக்கு அது மாற்று ஆகாது. எம்ஐடி 2022-இலும் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட் ஆகியவை 2024-இலும் தேர்வை மீண்டும் கட்டாயம் என்று அறிவித்தன. இப்படிப்பட்ட இடங்களில் விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலோரிடம் நல்ல மதிப்பெண் இருப்பதால் 1540 தனித்துத் தெரியாது. தேர்வு கட்டாயமில்லாத கல்லூரியில் அதே 1540 அதிகம் பேசும்.

அந்த சி ஏன் வந்தது என்று எழுதலாமா?

காரணம் உண்மையாகவும் சுருக்கமாகவும் இருந்தால் எழுதுங்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் கூடுதல் தகவல் பகுதி இதற்குத்தான், 2025-26 சுற்றிலிருந்து அதில் 300 சொற்களே அனுமதி. முதன்மைக் கட்டுரையை இதற்காகச் செலவழிக்காதீர்கள்.

பிள்ளைகள் முதலில் எழுதிக்கொண்டு வருவது இப்படி இருக்கும்: “10-ஆம் வகுப்பு எனக்குப் பெரும் சோதனைக் காலம். பல தடைகளை விடாமுயற்சியால் கடந்து வலிமையானவனாக மீண்டு வந்தேன்.” இதில் ஒரு தகவல் கூட இல்லை. ஆங்கிலத்தில் எழுதப்போவதன் சாரம் இப்படி இருக்கட்டும்: “10-ஆம் வகுப்பு பிப்ரவரியில் தாத்தா மதுரையில் காலமானார். மூன்று வாரம் குடும்பத்தோடு இந்தியாவில் இருந்தேன். வேதியியலில் இரண்டு தேர்வுகளையும் ஆய்வக வகுப்புகளையும் தவறவிட்டேன். அந்த அரையாண்டு சி. அடுத்த ஆண்டு ஏபி வேதியியல் எடுத்தேன். முதல் அரையாண்டு பி பிளஸ், இரண்டாவது ஏ.” நாள், காரணம், விளைவு, அதன் பிறகு செய்தது. அவ்வளவுதான்.

இதையே கவுன்சிலர் தன் கடிதத்தில் எழுதினால் இன்னும் வலு. செப்டம்பரிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். “ஆசிரியர் கடுமையானவர்” என்ற காரணத்தை மட்டும் யாரும் எழுத வேண்டாம். சொல்ல எந்தக் காரணமும் இல்லை என்றால் அந்தப் பகுதியைக் காலியாக விடுவதே மேல்.

கணினி அறிவியல்தான் வேண்டும் என்கிறான். மதிப்பெண் 3.6.

இல்லினாய் அர்பானா-சாம்பெய்ன், வாஷிங்டன் பல்கலைக்கழகம், கார்னகி மெலன் போன்ற இடங்களில் கணினி அறிவியல் சேர்க்கை, அந்தப் பல்கலைக்கழகத்தின் பொதுச் சேர்க்கையை விட மிகவும் கடினம். வேறு துறையில் நுழைந்து பிறகு மாறிக்கொள்ளலாம் என்ற திட்டம் இங்கெல்லாம் பெரும்பாலும் பலிக்காது. மாறாக, துறை பார்க்காமல் சேர்த்து இரண்டாம் ஆண்டில் துறையைத் தேர்வு செய்ய விடும் கல்லூரிகள் உண்டு. ராச்செஸ்டர், பிராண்டைஸ் போன்ற நடுத்தர அளவுள்ள இடங்களையும் கலைக் கல்லூரிகளையும் பாருங்கள். நம் குடும்பங்கள் பெயர் கேள்விப்படாத கல்லூரிகளைப் பட்டியலில் சேர்க்கவே மறுப்பதால், இந்தப் பிள்ளைகளுக்கு இருக்கும் நல்ல வழி ஒன்று அடைபட்டுப் போகிறது.

பணம்?

எர்லி டெசிஷனில் கிடைத்தால் மற்றக் கல்லூரிகளின் உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வழி இல்லை. தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுச் செலவு 90,000 டாலரைத் தொட்டோ தாண்டியோ இருக்கிறது. ஐவி லீக் கல்லூரிகள் மதிப்பெண்ணுக்கென்று உதவித்தொகை தருவதே இல்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருகின்றன. கையெழுத்திடும் முன் கல்லூரியின் தளத்தில் உள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரில் (உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியதை மதிப்பிடும் கருவி) வருமானம், சேமிப்பு விவரங்களை உள்ளிட்டுப் பாருங்கள். அதை வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் மத்திய அரசின் கட்டாயம். வரும் தொகையைத் தாயும் தந்தையும் உட்கார்ந்து பேசி, கடன் இல்லாமல் கட்ட முடியுமா என்று முடிவு செய்த பிறகே எர்லி டெசிஷன்.

எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியர்களின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. பல தனியார் கல்லூரிகள் இவர்களை வெளிநாட்டு மாணவர்களாகவே கணக்கிடுகின்றன, உதவி கேட்டால் அதுவே சேர்க்கை முடிவைப் பாதிக்கலாம். அந்தக் கால்குலேட்டர்களில் பல, குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மனத்தில் வைத்து அமைத்தவை. கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்குங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பிள்ளைக்கு 21 வயது ஆனதும் எச்-4 முடிந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால்?

உதவித்தொகை போதவில்லை என்பது மட்டுமே பொதுவாக ஏற்கப்படும் காரணம். வேறு காரணத்துக்காக விலகினால் பாதிக்கப்படுவது உங்கள் வீடு மட்டும் அல்ல. மாணவர் ஒருவர் விலகியதற்காக அவருடைய பள்ளியிலிருந்து ஓராண்டுக்கு எர்லி டெசிஷன் விண்ணப்பங்களையே ஏற்க மாட்டோம் என்று துலேன் பல்கலைக்கழகம் அறிவித்தது 2025-இல் செய்தியானது. அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் என்ன தவறு செய்தார்கள்?

எர்லி டெசிஷனோடு வேறு எங்கே விண்ணப்பிப்பது?

அரசுப் பல்கலைக்கழகங்களின் எர்லி ஆக்‌ஷன். பர்டியூ, இல்லினாய், மேரிலேண்ட், ரட்கர்ஸ், பென் ஸ்டேட், விஸ்கான்சின், இந்தியானா ஆகியவற்றுக்கு நவம்பர் 1 கடைசி நாளாக இருந்துவருகிறது. மேரிலேண்டில் இடங்களில் பெரும்பகுதி இந்தச் சுற்றிலேயே போய்விடுகிறது, தவறவிட்டால் பிறகு வருந்த வேண்டியதுதான். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் விண்ணப்பங்களை வர வரப் பார்த்துப் பதில் தருவது, செப்டம்பரிலேயே அனுப்பலாம். அக்டோபரில் ஓரிடம் கைக்கு வந்துவிட்டால் வீட்டில் பேச்சின் தொனியே மாறும், பிள்ளை மற்றக் கட்டுரைகளை நிதானமாக எழுதுவான்.

டிசம்பரில் “டிஃபர்” என்று பதில் வந்தால்?

விண்ணப்பம் சாதாரணச் சுற்றுக்கு மாற்றப்பட்டுவிட்டது என்று பொருள். ஒப்பந்தம் அந்த நொடியே நீங்கிவிடுகிறது, ஜனவரியில் வேறு கல்லூரிக்கு எர்லி டெசிஷன் 2 போடலாம். பழைய கல்லூரிக்கு ஜனவரியில் ஒரு பக்கத்துக்குள் ஒரு கடிதம், கூடவே புது மதிப்பெண்கள். ஆர்வம் மாறவில்லை, இவை புதிதாக நடந்தவை என்று சொன்னால் போதும். கெஞ்ச வேண்டாம், புதுப் பரிந்துரைகளைக் குவிக்கவும் வேண்டாம்.

எர்லி டெசிஷன் 2 போடுவதாக இருந்தால், அந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதும் கட்டுரை எழுதுவதும் டிசம்பர் முடிவு வரும் முன்பே, நன்றி தெரிவித்தல் விடுமுறையில் முடிந்திருக்க வேண்டும். முடிவுக்கும் ஜனவரிக் கடைசி நாளுக்கும் நடுவே இரண்டு வாரம்தான், அதிலும் பள்ளி பூட்டியிருக்கும். ஒப்பந்தத்தில் கவுன்சிலரும் கையெழுத்திட வேண்டும் என்பதால், குளிர்கால விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்குள் அவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.